கருடனுக்குப் போட்ட பரண்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், கிள்ளைப் பக்கம் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். என் கணவர் அங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். தலை தீபாவளி முடிந்த கையோடு என்னை அங்கே குடித்தனம் வைக்க அழைத்து வந்துவிட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் பலா மரமுமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் நிழல். இங்கே வந்து இறங்கினால் மணல், உப்புக் காற்று, தண்டவாளம். எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் சிதம்பரத்திலிருந்து வரும் தண்டவாளமும், அதன் ஓரத்தில் உயரமாக ஒரு கைகாட்டி மரமும் தெரியும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது என்பதால் அந்தக் கைகாட்டியைப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் ரயில் நிற்க வேண்டும், சாய்ந்து இறங்கினால் வரலாம் என்று கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ரயில் உள்ளே வந்ததும் கை மறுபடி நேராகிவிடும். குழம்பைக் கிளறிக்கொண்டே அது இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மாமியார் சிதம்பரத்தில், கோயிலை ஒட்டின ஒரு தெருவில் இருந்தார். அதிகம் பேசாதவர். கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி, "எங்க பொண்ணு பரண் மேல ஏறி கிளி ஓட்டுனா அடுத்த ஊர் வரைக்கும் கேக்கும்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தாள். மாமியார் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், அடுப்படியைப் பார்த்தார், அடுத்த வண்டியில் போய்விட்டார். நல்லதாகவும் ஒரு வார்த்தை இல்லை, கெட்டதாகவும் ஒரு வார்த்தை இல்லை. சிதம்பரம் வண்டியின் சத்தம் கேட்டாலே என் கை தானாக முந்தானையைச் சரி செய்யும்.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு பெரிய சவுக்குத் தோப்பு இருந்தது. யுத்த காலத்தில் நிலக்கரி கிடைக்காமல் ரயில் என்ஜின்களுக்கு விறகு போட ஆரம்பித்தார்கள். கார்த்திகையில் கான்டிராக்டர் ஆட்கள் வந்து அந்தத் தோப்பைப் பூண்டோடு வெட்டித் தள்ளினார்கள். நாள் முழுக்கக் கோடாலிச் சத்தம். கடைசி மரமும் விழுந்த பிறகு, வெறும் ஆகாயத்தில் இரண்டு கருடன்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. உடம்பு செங்கல் நிறம், தலையும் கழுத்தும் வெள்ளை. வருஷா வருஷம் அந்தத் தோப்பில்தான் அவை கூடு கட்டுமாம். வாயில் குச்சியை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

கிள்ளையிலிருந்து மீன் கூடையோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற அம்மா ஒருவர் தினமும் ஸ்டேஷனுக்கு வருவார். அவர் சொன்னார்: "முன்னல்லாம் கரையில எங்க பாத்தாலும் கருடன்தாம்மா. தோப்புங்கள வெட்ட ஆரம்பிச்ச பெறவு ஒண்ணொண்ணா காணாமப் போவுது. இந்த ஜோடியும் போயிடும் போல."

அந்த ஜோடி போகவில்லை. மார்கழியில் ஒருநாள் காலையில் பார்க்கிறேன், கைகாட்டி மரத்தின் உச்சியில், விளக்கு மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் நாலைந்து குச்சிகள். வாரம் முடிவதற்குள் ஒரு முழுக் கூடே வந்துவிட்டது.

ஸ்டேஷனே குதூகலமாகிவிட்டது. பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் காலையில் முதல் வேலையாகத் தெற்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "பெருமாளே நம்ம ஸ்டேஷனுக்கு வாகனத்த அனுப்பிச்சிருக்காரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பயணிகள் ரயில் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். மீன்கார அம்மாவும் கும்பிட்டார். ஆனால் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கருடன் அவர் கூடையிலிருந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். "சாமின்னு பாக்குறேன், இல்லாட்டி நடக்கிறதே வேற" என்பார்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான், விளக்குக்காரர். சாயங்காலமானால் கைகாட்டி மரத்தின் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை மாட்டுவதும், காலையில் எடுத்து வந்து துடைப்பதும் அவர் வேலை. கடலூர் பழைய டவுன் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், சாது. அவர் ஏணியில் பாதி ஏறும்போதே கருடன் தலைக்கு மேலே பாய ஆரம்பித்துவிடும். ஒருநாள் அவருடைய தலைப்பாகையையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் ஏறிப் பார்த்தால் அது கூட்டுக்குள் மெத்தையாகக் கிடக்கிறது. எடுக்கப் போனவர் இன்னொரு கொத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு வாளியில் ஒன்றை எடுத்து, மணலைக் கொட்டிவிட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். கருடன் வந்து டங்கென்று வாளியில் மோதும். உள்ளேயிருந்து, "அடிச்சிக்க, நல்லா அடிச்சிக்க" என்று அவர் சொல்வது எங்கள் வீடு வரை கேட்கும். நானும் கணவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

சிரிப்பு தை மாசம் வரைக்கும்தான். கூடு பெருத்துக்கொண்டே போனதில், குச்சிகள் கை அசைகிற இடத்தில் போய்ச் செருகிக்கொண்டன. ஸ்டேஷனில் லீவரை இழுத்தால் கம்பி இழுபடும், கை இறங்காது. சிதம்பரம் பாசஞ்சர் கைகாட்டிக்கு வெளியே நின்று ஊதிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் இறங்கி மூட்டையோடு தண்டவாளத்தில் நடந்தே வந்துவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நின்றால் நேரம்தான் வீண், ஆபத்தில்லை.

ஒருநாள் மத்தியானம் பாசஞ்சர் வந்து, நின்று, கடலூர்ப் பக்கம் போயும்விட்டது. நான் ஜன்னலருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கைகாட்டியின் கை இன்னும் இறங்கியபடியே இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். ஏறவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதுவரை நான் ஸ்டேஷன் அறைக்குள் கால் வைத்ததே கிடையாது.

"என்னங்க, கை ஏறல" என்றேன் மூச்சு வாங்க.

அவர் லீவரைப் பார்த்தார். லீவர் சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்து கைகாட்டியைப் பார்த்தார். குச்சிகளில் சிக்கிக்கொண்டு கை கீழேயே நின்றது. சிதம்பரத்திலிருந்து அடுத்து வர வேண்டியது பட்டாளத்துச் சாமான் ஏற்றிய கூட்ஸ் வண்டி. எங்கள் ஸ்டேஷனில் அப்போது பாதையின் குறுக்கே விறகு வண்டிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடிப்போய்த் தந்தியில் சொல்லி அந்த கூட்ஸைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்தார். வண்டி இன்னும் கிளம்பவில்லை, ஆகவே ஒன்றும் நேரவில்லை. ஆனால் கூட்ஸ் எதற்காக நின்றது என்ற கேள்வி மேலே போயிற்று. இரண்டு நாளில் சிக்னல் இன்ஸ்பெக்டர், தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற டிராலியில் வந்து இறங்கினார்.

அவர் கூட்டை அண்ணாந்து பார்த்தார். கும்பிடவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மாசி மகத்துக்கு ஸ்பெஷல் வண்டிங்க வரும். அதுக்கு முன்னாடி அந்தக் கைகாட்டியில ஒரு குச்சி இருக்கக் கூடாது. இருந்தா உங்க ரெண்டு பேரு வேலையும் இருக்காது" என்று பெரிய ஸ்டேஷன் மாஸ்டரிடமும் என் கணவரிடமும் சொல்லிவிட்டு டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரையில் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அந்தப் பக்கத்துக்கே அது பெரிய திருவிழா. ஜனம் ஜனமாக வரும். பெருமாள் வருகிற சமயத்தில் பெருமாளின் வாகனத்தைக் கலைப்பதா என்று ஸ்டேஷனில் யாருக்கும் கை வரவில்லை. பெரிய ஸ்டேஷன் மாஸ்டர், "கையெழுத்து எங்க வேணாலும் போடறேன். கை வைக்க மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் விளக்குக்காரரைப் பார்த்து, "நீதான்யா சரி. நீ மாதா கோயிலுக்குப் போறவன். ஒனக்குக் கருட தோஷம் ஒட்டாது" என்றார்.

விளக்குக்காரர் வாளியைத் தலையிலிருந்து எடுத்தார். "மேல ரெண்டு குஞ்சு இருக்குதுங்க. தூக்கிப் போட்டேன்னு பாவசங்கீர்த்தனத்துல போயி பாவமன்னிப்பு கேட்டா, எங்க சாமியாரு அது கருடனா காக்காவான்னா கேக்கப் போறாரு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவ்வளவு கொத்து வாங்கின மனிதர் அப்படிச் சொன்னதை மத்தியானச் சாப்பாட்டின்போது கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சில் சுரத்தே இல்லை. அவருக்குக் குஞ்சுகளையும் கொல்ல முடியாது, வேலையையும் விட முடியாது. தயிர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"அதுங்களுக்கு வேணுங்கிறது ஒசரமா ஒரு எடந்தானே? நாம ஒரு பரண் போட்டுக் குடுத்தா என்னா?"

எங்கள் ஊரில் முந்திரி காய்க்கிற காலத்தில் தோப்புக்குத் தோப்பு பரண் உண்டு. நாலு கம்பு நட்டு, மேலே மூங்கிலைப் பரப்பி, அதில் உட்கார்ந்துதான் காவல் காப்போம். ஆள் இல்லாத நேரத்தில் பரண் மேலே பருந்தும் ஆந்தையும் வந்து உட்கார்ந்திருக்கும். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தண்டவாளத்துக்குப் பக்கத்துல கம்பம் நட்டா டிரைவர் சிக்னல்னு நெனச்சிக்குவான்" என்றார்.

"தள்ளி நடுவோம். அதான் தோப்பு வெட்டுன கொல்லை சும்மாதானே கெடக்குது."

"கருடன் வரலன்னா?"

"போட்டுத்தான் பாப்போமே" என்றேன். அன்றைக்கே அவர் ஊரில் பரண் போடுகிற என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் எப்படியும் மாசி மகத்துக்கு வருவதாகத்தான் இருந்தான். நாலு நாள் முன்னதாகவே பண்ருட்டியில் ரயில் ஏறி, தோளில் கயிற்றுச் சுருளும் கையில் அரிவாளுமாக வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கணவரிடம், "மச்சான், மனுசனுக்குப் பரண் போட்டிருக்கேன், மாட்டுத் தீவனத்துக்குப் போட்டிருக்கேன். கருடனுக்குப் போடறது இதான் மொதத் தடவ. கூலி அது கிட்டதான் கேக்கணும்" என்றான்.

கான்டிராக்டர் ஆட்கள் வெட்டிப் போட்டிருந்ததில் நீளமான சவுக்கு மரம் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அண்ணன் அதில் ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடித்தான். உச்சியில் நாலு பக்கமும் சட்டம் வைத்து மூங்கில் பிளாச்சுகளை நெருக்கிக் கட்டினான். குச்சிகள் காற்றில் சரியாமல் நிற்க ஒரு கூடை வேண்டும் என்றான். விஷயம் தெரிந்த மீன்கார அம்மா தன்னுடைய பழைய கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத்தினி நாளா கூடையில இருந்து மீனத் திருடிச்சி. இப்பக் கூடையே வேணுமாமா" என்று சொன்னாலும், அதன் அடியைப் புதுக் கயிற்றால் இழுத்துக் கட்டி வலுவாக்கித்தான் கொண்டு வந்திருந்தார்.

வேலிக்கு வெளியே, கைகாட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆழமாகக் குழி தோண்டி மரத்தை நிறுத்தினார்கள். விறகு ஏற்ற வந்த ஆட்களும் ஒரு கை கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்றதும் கைகாட்டியைவிட ஒரு முழம் உயரமாகவே இருந்தது.

மகத்துக்கு முந்தின நாள் காலை, வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து விளக்குக்காரர் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். இரண்டு கருடனும் மாறி மாறி வாளியில் மோதின. அவர் அசையவில்லை. கூட்டின் நடுப்பகுதியைக் குஞ்சுகளோடு அப்படியே பெயர்த்து ஒரு முறத்தில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். அவருடைய தலைப்பாகையும் கூடவே வந்தது. நான் அன்றுதான் கருடக் குஞ்சை அருகில் பார்த்தேன். பஞ்சு உடம்பும் பெரிய கண்ணும் கொக்கி மூக்குமாக இரண்டும் எங்களை முறைத்தன. அண்ணன் முறத்தில் இருந்ததையெல்லாம் துண்டில் பொதிந்து முதுகில் கட்டிக்கொண்டு புது மரத்தில் ஏறி, கூடைக்குள் குச்சிகளை அடுக்கி, அதன்மேல் குஞ்சுகளை வைத்தான். தலைப்பாகையைத் திருப்பித் தரட்டுமா என்று அவன் மேலிருந்து கேட்டதற்கு விளக்குக்காரர், "அதுங்களுக்கே இருக்கட்டும், குளுருது" என்றார்.

கைகாட்டியில் ஒரு குச்சிகூட விடாமல் துடைத்து எடுத்தார்கள். லீவரை இழுத்தால் கை தடையில்லாமல் இறங்கியது, ஏறியது. கணவர் பெருமூச்சு விட்டார். எல்லோரும் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கருடன்கள் பரண் பக்கமே திரும்பவில்லை. கைகாட்டியைத்தான் சுற்றின. கொஞ்ச நேரத்தில் ஒன்று குச்சியோடு வந்து பழைய இடத்திலேயே வைத்தது. அதை எடுத்தால் இன்னொன்று வந்தது. அந்தப் பக்கம் குஞ்சுகள் கத்துகின்றன, இந்தப் பக்கம் தாய் குச்சி சுமக்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன்கார அம்மா கூடைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்த மத்தி மீனுக்குக் காக்கைகள்தான் வந்தன. அண்ணன் மரத்தடியில் நின்று காக்கைகளை விரட்டத் தொடங்கினான். விளக்குக்காரர் மற்ற விளக்குகளைத் துடைக்கப் போய்விட்டதால் கைகாட்டிப் பக்கம் ஆள் இல்லை. கணவர் வண்டி வேலையை விட்டு வர முடியாது.

நான் வீட்டுக்குள் போய்க் காலி மண்ணெண்ணெய்த் தகரத்தையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு கைகாட்டி மரத்தடிக்குப் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கருடன் நெருங்கும்போதெல்லாம் தகரத்தைத் தட்டி, ஊரில் கிளி ஓட்டுகிற குரலை எடுத்து ஒரு சத்தம் போட்டேன். அது விலகும். மறுபடி வரும். மறுபடி சத்தம் போடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் எடுத்ததே இல்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய் தொண்டை திறந்துகொண்டது. என்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள், எந்த வண்டி வருகிற நேரம் என்பதெல்லாம் மறந்தே போனது.

அந்தச் சமயத்தில் சிதம்பரம் பாசஞ்சர் மெதுவாக என்னைத் தாண்டிப் போயிற்று. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். புதுத் தாலிக்கயிறோடு ஒரு பெண் தண்டவாளத்து ஓரத்தில் நின்று ஆகாயத்தைப் பார்த்துத் தகரம் தட்டுவதை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் நடுப்பெட்டி ஜன்னலில் அந்த முகம் தெரிந்தது. என் மாமியார். மகத்துக்கு முழுக்குப் போட ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

தகரத்தைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று பார்த்தால் கருடன் மறுபடி இறங்குகிறது. தட்டினேன். வேறு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் மாமியார் கையில் பையோடு தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"என்னா இது?"

புடவையை இறக்கிவிட்டுக்கொண்டே திக்கித் திணறிச் சொன்னேன். கைகாட்டி, குஞ்சு, இன்ஸ்பெக்டர், பரண் என்று எதை முன்னால் சொன்னேன், எதைப் பின்னால் சொன்னேன் என்று தெரியாது. "தாயி அங்க போவ மாட்டேங்குது அத்தை. மறுபடி மறுபடி இங்கியே வருது" என்று முடித்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அவர் மேலே பார்த்தார். திரும்பிப் பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கல்யாணத்தன்று பார்த்த அதே மாதிரி, தலை முதல் கால் வரை.

"ஒலை வச்சிட்டு வந்தியா?"

"ஆமாம் அத்தை."

"சோறு கொழஞ்சி போயிருக்கும். போ, போயி வடி. தகரத்த இங்க குடு."

நான் புரியாமல் நின்றேன். அவரே என் கையிலிருந்து தகரத்தையும் கரண்டியையும் வாங்கி, பையை மரத்தடியில் வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். அதற்குள் விஷயம் கேட்டு ஓடி வந்த என் கணவர், "அம்மா, நீ போயி கருடன வெரட்டறியா?" என்றார்.

"வெரட்டல. புள்ளைங்க எங்க இருக்குதுன்னு தெரியாம அலையுது. வழி சொல்றேன். நீ போயி ஒன் வண்டியப் பாரு" என்றார்.

சோறு நிஜமாகவே குழைந்துதான் போயிருந்தது. வடித்துவிட்டு ஓடி வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டினோம். நடுவில் கைகாட்டி நிழலில் உட்கார்ந்து குழைந்த சோற்றையே மோர் விட்டுச் சாப்பிட்டோம். அப்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கி உங்க ஊர்க்காரம்மா சொன்னாங்கல்ல, நீ கிளி ஓட்டுனா அடுத்த ஊருக்குக் கேக்கும்னு. அந்தக் கொரல் எப்பிடி இருக்கும்னு அன்னிலேருந்து நெனச்சிக்கிட்டே இருந்தேன். வண்டிக்குள்ளயே கேட்டுது."

ஆறு மாதமாக நான் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"நீயும் அதிகம் பேச மாட்டேங்கிற. எனக்கும் பேச வராது" என்றார் அவர். "ரெண்டு பேரும் இப்பிடியே இருந்தா எப்பிடி?"

வெயில் தாழ ஆரம்பித்தது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணன் அங்கிருந்து கையை விரித்துக் காட்டினான். கைகாட்டியில் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. விளக்குக்காரர் பழக்கத்தில் வாளியோடு வந்தார். ஏணியில் ஏறினார். கருடன் அவர்மேல் பாயவே இல்லை. கூடு இல்லாத கைகாட்டியைக் காப்பாற்ற அதற்கு என்ன அவசியம்? அதைப் பார்த்ததும் என் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. இங்கே ஒன்றும் இல்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது.

அடுத்து வந்தது ஆண் கருடனாகத்தான் இருக்க வேண்டும். காலில் ஒரு மீனோடு உப்பங்கழிப் பக்கமிருந்து வந்து, வெட்டிப் போட்ட ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து கீச்சென்று கத்தியது. பரணிலிருந்து மெலிசாகப் பதில் வந்தது. மாமியார் தகரம் தட்டுவதை நிறுத்திவிட்டார். தாய்க் கருடன் கைகாட்டியை விட்டு விலகி, பரணுக்கு மேலே வட்டம் போட்டது. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இறக்கையை மடக்கிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தது. இரண்டு சின்னத் தலைகள் மேலே நீண்டன.

ஏணி உச்சியில் விளக்குக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் அங்கேயே மணலில் மல்லாந்து படுத்துவிட்டான். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. மாமியார் என் தோளில் கை வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் ஸ்பெஷல் வண்டிகள் ஒன்றுகூடக் கைகாட்டிக்கு வெளியே காத்து நிற்காமல் வந்தன. மாமியாரும் நானும் ஒன்றாகப் போய்க் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தோம். மகம் முடிந்த கையோடு இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். கைகாட்டியைச் சோதித்தார். திருப்தி. பிறகு கிழக்கே பார்த்தார்.

"அது என்னய்யா கம்பம்?"

"பரணுங்க சார்" என்றார் என் கணவர்.

"யாருக்கு?"

"கருடனுக்குங்க."

இன்ஸ்பெக்டர் வேலியைத் தாண்டிப் போய் மரத்தைச் சுற்றி வந்தார், ஆட்டிப் பார்த்தார், கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். கணவருக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். திரும்பி வந்தவர், "அடியில கறையான் ஏறும். ஸ்டோர்ல இருந்து தார் அனுப்பறேன், பூசி வையுங்க. அடுத்த வருசமும் வரும் பாருங்க" என்றார். டிராலியில் ஏறின பிறகு, "கொள்ளிடத்துப் பக்கம் ஒரு ஸ்டேஷன்லயும் இதே தொல்லை. ஒங்க மச்சான் இன்னும் ஊருக்குப் போகலியே?" என்று கேட்டார்.

அண்ணன் கொள்ளிடம் போய் ஒரு பரண் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினான். எங்கள் பரணிலிருந்து இரண்டு குஞ்சுகளும் சித்திரை வாக்கில் பறந்து போயின. மறு மார்கழியில் அதே ஜோடி வந்து கைகாட்டியின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தபோது ஸ்டேஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு அவை எழும்பிப் பரணுக்குப் போய்க் குச்சிகளைச் சரிசெய்ய ஆரம்பித்தன. பிறகு கணவருக்குக் கடலூருக்கு மாற்றலானது. வெட்டின கொல்லையில் புதுச் சவுக்கு நட்டார்கள். அது வளர்ந்து ஆளான பிறகு கருடன்கள் பரணை விட்டு மரத்துக்கே போய்விட்டதாக விளக்குக்காரர் ஒருமுறை கடலூரில் எங்களைப் பார்த்தபோது சொன்னார். என் மாமியார் கடைசி வரை எங்களோடுதான் இருந்தார். பேசாதவர் என்று யார் அவரைச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்; எங்கள் வீட்டில் இரண்டு பேரும் பேசின பேச்சுக்கு என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்ததுண்டு.

இப்போதெல்லாம் கடற்கரைப் பக்கம் போனாலும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட ஒரு கருடன் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. அன்றைக்கு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு மரம், ஒரு பழைய கூடை, ஒரு பகல் பொழுது, அவ்வளவுதான். ஆனால் யாரையாவது ஓர் இடத்திலிருந்து எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று வரும்போதெல்லாம், அவர்கள் போய் உட்கார ஓர் இடத்தை முதலில் செய்து வைத்துவிட்டு, அங்கே போய்ச் சேருகிறவரை கூடவே நிற்க வேண்டும் என்று அந்த ஒரு நாள் எனக்குள் எழுதிவிட்டுப் போய்விட்டது.